பத்துக்கு மேல்

படிவத்தில் 'அனுபவம்' என்றொரு கட்டம்.
தொட்டால் பட்டியல் விரிகிறது:
ஒன்று முதல் மூன்று,
நான்கு முதல் ஆறு,
ஏழு முதல் பத்து,
பத்துக்கு மேல்.
அதற்கப்பால் ஏணியில் படி இல்லை.
மைரேயின் இருபத்தேழு ஆண்டுகளில் பதினேழு
அந்த 'மேல்' என்ற சொல்லுக்குள் போய் விழுந்தன,
சோபா இடுக்கில் சில்லறை விழுவதைப் போல.

நான் டிராம் ஓட்டுகிறவன்.
தாலினில் நவம்பர் கடைசி என்றால்
மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்.
அன்று ஈரக் காலணியோடு உள்ளே வந்தபோது
அடுக்களை மேசையில் அவள்
கணினியின் சின்னக் கண்ணைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.
எதிரில் ஆள் இல்லை.
கேள்வி மட்டும் வரும்,
தொண்ணூறு நொடி எண்ணி இறங்கும்.
'உங்கள் மிகப் பெரிய சாதனை எது?'

எனக்குத் தெரியும் அது.
துறைமுகத்தில் பனிப்புயல்,
கப்பல் சீட்டு எந்திரங்கள் எல்லாம் செத்துக் கிடக்க
இரண்டாயிரம் பேர் பெட்டிகள்மேல் தூங்கிய இரவு.
இவள் ஆஸ்பத்திரியில்,
கை முறிந்த மகனின் தலைமாட்டில்.
போனில் ஒரு பையனிடம் சொன்னாள்:
"நானூற்றுப் பன்னிரண்டாம் வரியை அழி.
புதிதாக ஒன்றும் சேர்க்காதே."
விடியுமுன் கப்பல் கிளம்பியது.

ஒரு வரியை அழித்ததைச் சாதனை என்று
கேமராவிடம் எப்படிச் சொல்வது?
எண்பத்தோரு நொடி யோசித்தாள்.
வாயைத் திறந்தாள்.
'நன்றி' என்றது திரை.

அது இன்னொரு கம்பெனி. இது வேறு.
இங்கே மூன்றாம் சுற்றுவரை போனாள்.
கெர்ட் என்ற இளைஞன், நல்ல பையன்தான்,
காப்பி கொடுத்து, பேனாவும் கொடுத்து
பலகையில் ஒரு மரத்தைத் தலைகீழாக்கச் சொன்னான்.
"எதற்கு?" என்றாள்.
நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான்.
மரம் கவிழ்ந்தது.
நான்கு நிமிடம் அதிகம் எடுத்ததாம்.

எனக்கு ஆண்டுக்கொரு முறை கண் பார்ப்பார்கள், காது பார்ப்பார்கள்.
தண்டவாளத்தைக் கழற்றி மாற்றிப் பூட்டு என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

நான்காம் சுற்று, வீட்டுப்பாடம்.
'நான்கு மணி நேரம் போதும்' என்று எழுதியிருந்தார்கள்.
ராக்வெரேயில் என் தங்கை மகளின் பிறந்தநாள்.
பக்கத்து அறையில்
விருந்தினர் மேலங்கிகள் குவிந்த கட்டில் ஓரத்தில்
இரண்டு நாளும் அவள் தட்டச்சின் ஓசை.
கேக்கை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அதில் பாதியை நாய் தின்றது.

ஒரு சோறு பதம் என்பார்கள்.
இவர்களோ பானையையே கவிழ்த்து
பருக்கை பருக்கையாக நசுக்கிப் பார்த்துவிட்டு
இன்றைக்குப் பசியில்லை என்று எழுந்து போகிறார்கள்.

இப்படித்தான் வந்தது மடல்:
'அன்புள்ள முதற்பெயர் அவர்களே,
தங்கள் அனுபவம் எங்களைக் கவர்ந்தது. எனினும்…'

நான் மேசையைக் குத்தினேன்.
அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.
இரண்டு தரம் படித்தாள்.
மூன்றாம் தரம் படிக்கையில்
முகத்தில் ஏதோ வெளிச்சம்.
பதில் எழுதினாள், மூன்றே வரி:
உங்கள் மடலில் பெயர் நிரம்பவில்லை.
வார்ப்புருவில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டிருக்கலாம்.
எல்லோருக்கும் இப்படியே போயிருக்கும், பாருங்கள்.

வியாழன் காலை
இன்னொரு மடல் வந்தது.
'அன்புள்ள மைரே,
தங்கள் அனுபவம் எங்களைக் கவர்ந்தது. எனினும்…'

ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துத்
திரையைக் காட்டினாள்.
"பார்," என்றாள்,
"வேலை செய்கிறது."