பெயர் சொல்லாத வரை

கிறிஸ்துமஸ் கழிந்த பன்னிரண்டு இரவுகளும்
நியூஃபவுண்ட்லாந்தில் எங்கள் கதவைத் தட்டுகிறவர்கள்
மூச்சை உள்ளே இழுத்தபடிதான் பேசுவார்கள்:
"வேஷக்காரர்களை உள்ளே விடுவீர்களா?"
குரலை ஒளித்துவைக்க அது ஒரு வழி.
ஆணின் மார்பில் தலையணை,
பெண்ணின் தோளில் மீன்பிடிக் கோட்டு,
இடக்கால் பூட்ஸ் வலக்காலில்.
முகத்துக்கு, ஜன்னலிலிருந்து கழற்றிய லேஸ் திரை.

விதி ஒன்றே ஒன்று.
பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால்
திரையைத் தூக்கியாக வேண்டும்.
அதுவரை அவர்கள் யாருமில்லை.
யாருமில்லாதவர்களுக்கு ரம் ஊற்றலாம்,
அவர்களோடு ஆடலாம், அவர்களை இடுப்பில் கிள்ளலாம்.

நாலாம் இரவு ஐந்து பேர்.
எங்கள் சமையலறை வாசலில் உத்தரம் தாழ்வு,
அப்பா அளவு தப்பி வைத்தது.
முதலில் நுழைந்த கன்னியாஸ்திரி நெற்றியை இடித்துக்கொண்டு
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், வெளிமூச்சில்.
"ஹெட்லி!" என்று கத்தினேன். திரை தூக்கினார் தபால்காரர்.
மரக்குதிரைத் தலை இடித்தது.
சாக்குமூட்டை இடித்தது.
மணப்பெண்ணின் தொப்பி கழன்று அடுப்போரம் விழுந்தது.

ஐந்தாவதாகப் பூப்போட்ட கவுன்.
அது பார்க்காமலே குனிந்தது,
நள்ளிரவில் விளக்கில்லாமல்
தன் படுக்கைக்குப் போகிறவன் குனிவதுபோல.

லியாண்டர். என் அண்ணன்.
அப்பாவின் படகை நாங்கள் விற்ற அன்று
"இனி உங்கள் முகத்தில் விழிக்கமாட்டேன்" என்று போனவன்.
ஒன்பது வருடம்.
அவன் வீட்டுப் புகைபோக்கி என் ஜன்னலுக்கு நேர் எதிரே;
அவன் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறான் என்றுகூட எனக்குத் தெரியும்.
சொன்ன சொல் தவறவில்லை பாவி,
முகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

பெயர் நாக்கு நுனிக்கு வந்தது. கடித்துக்கொண்டேன்.
சொன்னால் திரை போகும். திரை போனால் அவனும் போவான்.
"ஜோப் கீப்பிங்கா?" என்றேன்.
திரை அசைந்தது, இல்லை.
"கலங்கரை விளக்கத்து ஆளா?" இல்லை.
"பாதிரியாரின் மச்சினி?"
எல்லோரும் சிரித்தார்கள்.
லேஸ் உள்ளே போய் வெளியே வந்தது, அவனும் சிரித்தான்.
நான் இவ்வளவு மோசமாக எதையும் ஊகித்ததில்லை.

கார்லண்ட் எல்லோருக்கும் ரம் ஊற்றினார்.
பூக்கவுனுக்கு மட்டும், கேட்காமலே,
கெட்டிலிலிருந்து வெந்நீரும் இரண்டு கரண்டி வெல்லப்பாகும்.
என்னைப் பார்த்தார்.
நான் அடுப்பைப் பார்த்தேன்.

அக்கார்டியன் ஓயும்வரை ஆடினோம்.
ஒருமுறை என் காலை மிதித்தான், சின்ன வயதுபோல, வேண்டுமென்றே.
கிளம்பும்போது உள்மூச்சில் சொன்னான்:
"கேக்கில் திராட்சை குறைவு."
"யாரோ எவரோ," என்றேன்,
"அடுத்த வருடமும் வாருங்கள்."
உத்தரத்துக்குக் குனிந்து பனிக்குள் போனான்.

கோப்பை கழுவும்போது கார்லண்ட் சொன்னார்:
"இளைத்துவிட்டான்."
"யார்?"
"யாருக்குத் தெரியும்."

மறுநாள் கடையில் உப்பு வாங்கப் போனேன்.
மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தான்,
முகத்தோடு.
நானும் முகத்தோடுதான் போயிருந்தேன்.
அதனால் பேசவில்லை.

திராட்சை கால் கிலோ கூடுதலாக வாங்கினேன்,
கொஞ்சம் சத்தமாகவே கேட்டு.