துகில் இரவு

பாரதக் கூத்தில் இன்றைக்குத் துகில்.
பாஞ்சாலி கட்டியவன் தணிகாசலம்.
ஆர்மோனியம் நான்.

மூன்று வருஷத்துக்கு முன்
வாலாஜா பஸ்ஸிலிருந்து தங்கச்சியைத்
தலைமயிரைப் பிடித்து இறக்கினானே, அவன்தான்.
கூட இருந்த பிச்சாண்டி,
ராணிப்பேட்டை தோல்ஷாப்பு ஆள்,
மறுநாள் பாலாற்று மணல்குழியில் கிடந்தான்.
கால் தவறி விழுந்தான் என்று
பத்துப் பேர் கையெழுத்துப் போட்டோம்.
பேனா என்னுடையது.

நடுச்சாமம். துச்சாதனன்
டோப்பாவைச் சுருட்டிப் பிடித்து இழுக்கிறான்.
"மானம் போகுதே, சபையோரே,
கேட்பார் இல்லையா?"
பஸ் ஸ்டாண்டில் அவன் கத்தியதும்
இதே சுருதிதான்.
விருத்தம் மேலே ஏறி அங்கேயே நின்றது.
நான் கட்டையை விடாமல் அழுத்தியிருந்தேன்.
அடுத்த அடி வரவில்லை.
பெண்கள் பக்கம் பார்த்துவிட்டான் போல.

அஞ்சலாட்சி எழுந்தாள்.
வேண்டுதல் சேலை என்று நினைத்து
மத்தளக்காரர் கையை எடுத்தார்.
அவள் பிரித்தது ஓர் அரக்குச் சேலை,
மடிப்பு உடையாதது,
தோல்ஷாப்புச் சம்பளத்தில் எடுத்தது.
அண்ணன் தோளில் போட்டாள்.
அவிழ்ந்த டோப்பாவைத்
தன் கொண்டை ஊசியால் செருகினாள்.
"பாடு" என்றாள். அவ்வளவுதான்.

பாடினான். எப்படிப் பாடினான் என்று
என்னைக் கேட்காதீர்கள்.

விடிந்தும் அரிதாரம் கலைக்கவில்லை.
அந்தச் சேலையோடு, சலங்கையோடு
ஆற்காடு ஸ்டேஷனுக்கு நடந்தான்.
வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள்
அம்மன் போகிறாள் என்று
வாளியைக் கீழே வைத்துக் கும்பிட்டார்கள்.

மைதானம் காலி.
பெட்டியைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
துருத்தியில் கொஞ்சம் காற்று
மிச்சமிருந்து முனகுகிறது.