மூன்று சுழி

காந்தலில், வர்க்கி அடுப்புக்கு நேர் மேலே என் அறை.
பின்னிரவு இரண்டரைக்குப் பிலோமின் ராஜ் விறகு திணிப்பார்.
மூன்றுக்கெல்லாம் தெற்குச் சுவர் சூடேறிவிடும்.
அதில் முதுகைச் சாய்த்து
அடுத்தவர் பேச்சைக் காதில் ஊற்றிக்கொள்வது
என் பிழைப்பு.

யாரோ பேசுவார்கள், நான் எழுத்தாக்குவேன்.
டொராண்டோவில் ஒரு பல் மருத்துவர்,
கோழித்தீவனம் பற்றி நாமக்கல்காரர் ஒருவர்,
சீட்டுக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம்.
தும்மலைக்கூட விட்டதில்லை,
அடைப்புக்குள் "தும்முகிறார்" என்று போடுவேன்.
ஒலி நிமிடத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
அந்தக் காலம் என்று சொல்ல
அது அவ்வளவு காலமும் இல்லை,
போன கேரட் அறுவடைக்கு முந்தியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது:
இனி எந்திரம் எழுதும், நீங்கள் திருத்தினால் போதும்,
நிமிடத்துக்கு நாலரை.
அந்தப் 'போதும்' என்ற சொல்லை
நாலைந்து தரம் வாசித்தேன்.

பொய் சொல்லக்கூடாது, எந்திரம் கெட்டிக்காரத்தனம்.
தூங்குவதில்லை, கமா போடத் தெரிகிறது,
ஒற்றுப்பிழை என்னைவிடக் குறைவு.
ஆனால் குளிர் தெரியாது அதற்கு.
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் தொண்டை கட்டிய குரலில்
"எனக்குப் பணி நிரந்தரமான வருஷம்" என்கிறார்.
பனி நிரந்தரமான வருஷம்,
என்று எழுதிவைத்திருக்கிறது.
பனி நியமனம். பனிமூப்பு. பனியிடை நீக்கம்.
தற்காலிகப் பனியாளர் கோரிக்கை.

எழுந்து ஜன்னலைத் துடைத்தேன்.
எதிர்வீட்டுத் தகரம் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடந்தது.
ஒன்பது மணி வெயிலுக்கு இருக்காது.
அந்த ஓரிடத்தில்
எந்திரம் எழுதியதுதான் சரி.

இரண்டு சுழியை மூன்று சுழியாக்க
விரலின் ஒரு தட்டு.
அதற்குத்தான் நாலரை.

நாலரையில் வாடகை நகராது.
வர்க்கி சுற்றிய காகிதத்தின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
இன்வெர்ட்டர் தவணை, கேஸ்,
ஜெஸ்லினுக்கு முழங்கை கிழியாத ஒரு ஸ்வெட்டர்.
துணிக்கொடிக்கே இரண்டு கம்பம் வேண்டியிருக்கிறது,
நான் ஒரே நிறுவனத்தில்
எல்லா ஈரத்தையும் தொங்கவிட்டிருந்தேன்.

நாற்பத்தொரு பேருக்கு நேரடியாக எழுதினேன்.
முப்பத்தெட்டு மௌனம்.
ஒருவர் இரண்டு மணி நேர ஒலியை அனுப்பி
மாதிரிக்கு இலவசமாகச் செய்யச் சொன்னார்.
ஒருவர் என் பெயரைத் தப்பாக எழுதி வாழ்த்தினார்.
ஒன்று பலித்தது, தேங்காய்ப்பட்டணத்து மீனவர் சங்கம்.
அவர்கள் கூட்டத்தை எந்திரத்திடம் கொடுத்தால்
பேய்க்கு ஓதின மந்திரம் மாதிரி வந்ததாம்.
நிமிடத்துக்கு முப்பத்தைந்து,
கையில் வர மாசம் இரண்டு.

ஏழாயிரம் அடி உயரத்தில், குல்லாயும் கையுறையுமாக,
கடலின் காற்றுகளுக்குப் பெயர் படிக்கிறேன்.
கொண்டல், வாடை, சோழகம்.
"கச்சான் எந்தப் பக்கத்துக் காத்துங்க?"
"மேக்கு, பிள்ளே," என்கிறார் சங்கச் செயலாளர் அந்தோணியடிமை,
அவர் குரலுக்குப் பின்னால்
எஞ்சின் ஒன்று இருமிக்கொண்டிருக்கிறது.

இதையும் ஒருநாள் அது படித்துவிடும்.
என் திருத்தங்களைத் தின்றுதான் படிக்கும்.
தெரிந்தேதான் ஊட்டுகிறேன், முப்பத்தைந்து ரூபாய்க்கு.
அதற்குள் அடுத்த கம்பம் நட வேண்டும்,
எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

சேரிங்கிராஸ் வங்கியில் புது மடிக்கணினிக்குக் கடன் கேட்டுப் போனேன்.
அலுவலகம் எங்கே என்றார் கவுன்ட்டர் அம்மா.
வர்க்கி அடுப்புக்கு மேலே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, விண்ணப்பத்தை நீட்டினார்.
அதில் அச்சிலேயே இருந்தது: பனி விவரம்.
கை சும்மா இருக்குமா,
ஒரு சுழி சேர்த்தேன்.
அதற்குக் காசு கேட்கவில்லை.

அடுத்த வரியில்
நிரந்தரம், தற்காலிகம்,
பொருந்தாததை அடிக்கவும் என்றிருந்தது.
வெளியே மூடுபனி இறங்கி
எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை எழுத்தெழுத்தாக அழித்துக்கொண்டிருந்தது.
பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.