பிளாக் 87, லிஃப்ட் மோட்டார் அறை

மூன்று வருடம் இங்கேயே உட்கார்ந்திருந்தது,
தோ பாயோவில், இருபத்தைந்தாம் மாடிக்கும் மேலே.
கரண்ட் போனால்
லிஃப்டைப் பக்கத்து மாடிக்கு நகர்த்திக்
கதவைத் திறந்துவிட வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

கரண்ட் போகவில்லை.

மூடியில் மார்க்கர் எழுத்து:
பொருத்திய தேதி, பக்கத்தில் மாசிலா.
அவர் இப்போது எந்தக் கம்பெனியில் என்று
சூப்பர்வைசர் சுவாவுக்கும் தெரியாது.

மீட்டர் பதின்மூன்று காட்டியது.
லோடு கொடுத்ததும் ஒன்பதுக்குச் சரிந்தது.
வயிறு லேசாக உப்பியிருக்கிறது.
உழைத்துச் சாகவில்லை இது,
நிரம்பிய நிலையிலேயே வைத்திருந்து
சூட்டில் உள்ளே வறண்டுவிட்டது.
காலியாக வைத்தால் மட்டும் என்ன,
ஈயத்தில் உப்பு பூத்துவிடும்.
எங்கள் ஸ்டோரில் நாற்பது அப்படிக் கிடக்கின்றன,
சார்ஜ் ஏற்ற மறந்து.

முனைகளில் டேப் ஒட்டி
நிமிர்த்தியே தூக்கி வந்தேன்.
கீழே பழைய சாமான் வண்டிக்காரர்
இரண்டு வெள்ளி தருகிறேன் என்றார்.
தரக்கூடாது. சனிக்கிழமை லாரி வரும்,
துவாஸில் உடைத்து, அமிலம் வடித்து,
ஈயத்தை உருக்குவார்கள்.
அது மறுபடி எங்காவது
பேட்டரியாகப் போய் உட்காரும்.

புதியதை மாட்டி
மெயினை நானே அணைத்தேன்.
ஆளில்லாத லிஃப்ட் மெல்ல இறங்கி
பத்தொன்பதில் கதவு திறந்தது.
பதினோரு வினாடி.
மாசிலாவும் இப்படித்தான் அணைத்துப் பார்த்திருப்பார்.
பழையது வேலை செய்தது
அந்த ஒரு தடவைதான் போல.

தேதி எழுதினேன்.
என் பெர்மிட் இதற்கு முன்பே முடிகிறது.
பெயரையும் எழுதினேன்,
கொஞ்சம் பெரிதாகவே.