காலி மாதம்

ஓவர்போர்ட், ஐந்தாம் மாடி. லிஃப்ட் ஓடாது என்பதை
ஏஜெண்ட் மூட்லி சொல்லவில்லை, என் முழங்கால் சொன்னது.
"மிஸஸ் படையாச்சி, இங்கிருந்து கடல் தெரியும்."
தெரிந்தது.
இரண்டு கட்டடங்களின் இடுக்கில்
ஒரு ஸ்கேல் அகலத்துக்கு நீலம்.
அதற்கு எத்தனை ராண்ட் ஏற்றினீர்கள் என்றேன்.
சிரித்தார். அந்தச் சிரிப்பும் விலையில் சேர்த்தி.

ஏழு லட்சத்து இருபதாயிரம்.
என்னிடம் ஒரு லட்சத்து இருபது இருக்கிறது,
பதினாறு வருடம் மருந்துக்கடை கவுண்டரில்
நின்றே சேர்த்தது.
மீதி ஆறு லட்சம் வங்கி தரும்,
பதினோரு சதவீதம், இருபது வருடம்.
கடைசித் தவணை கட்டும்போது எனக்கு அறுபத்தெட்டு.

இரவு, பழைய மருந்துச்சீட்டின் முதுகில்:
தவணை 6193.
கட்டடச் சங்கத்துக்கு 1450.
நகராட்சி வரி 620.
வாடகை வருவது 7800.
463 குறைகிறது. சரி,
வெள்ளிக்கிழமை பன்னி சௌவை விட்டால் ஈடுகட்டிவிடலாம்.
ஆனால் கீசர் ஒருநாள் வெடிக்கும். அதற்கு மாதம் 400.
ஆனால் ஆள் காலி செய்வார்கள்,
வருடத்தில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும்.
அந்த ஒரு மாதத்தைப் பன்னிரண்டாகக் கிழித்தால்
துண்டுக்கு 650.

ஆக மொத்தம் 1513 கைவிட்டுப் போகிறது.
வீடு எனக்குச் சம்பாதிக்கவில்லை,
நான்தான் வீட்டுக்குச் சம்பாதிக்கப் போகிறேன்.

சனிக்கிழமை மூட்லி இல்லாமல் போனேன்.
கதவைத் திறந்தவள் நொகுதுலா,
ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவள்.
ஆறு வருடமாக அங்கே குடியிருக்கிறாள்.
என் கையைப் பார்த்ததும் நரம்பைத்தான் பார்த்தாள்,
"உங்களுக்கு எடுப்பது சுலபம்."

மேசைக்கடியில் அவள் மகன் உலக வரைபடத்துக்கு
வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான்.
அவளோ நான் கேட்காததையெல்லாம் காட்டினாள்.
படுக்கையறைச் சுவரின் ஈரம்,
நவம்பர் மழைக்கு அது வளரும் உயரம்
(பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள்,
பிள்ளையின் உயரம் குறிப்பதுபோல).
இரண்டு முறை மாற்றிய கீசர்.
சங்கத்துக்குப் பாக்கி வைத்திருக்கும் பதினான்கு வீடுகளின் எண்கள்.
தண்ணீர் வராத நாட்களுக்கு வாளிகள்.

மூட்லியின் பளபளத் தாளில் இதில் ஒன்றும் இல்லை.
நல்ல மனசு என்று நினைத்துப் படியிறங்கினேன்.
மூன்றாம் மாடி வந்ததும் நின்றேன்.
ஒவ்வொரு குறைக்கும் விலை இறங்கும்.
விலை இறங்கினால் தவணை இறங்கும்.
தவணை இறங்கினால்
புது முதலாளி வாடகையை ஏற்ற வேண்டியதில்லை.
அடி அம்மா, அவளும் கணக்குப் போட்டுத்தான்
கதவைத் திறந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வரவில்லை.
திரும்பி ஏறி, மூச்சு வாங்க, ஒன்று மட்டும் கேட்டேன்:
வாடகை இதே 7800 என்றால் இருப்பாயா?
"பையன் ஏழாம் வகுப்பு முடிக்கும்வரை" என்றாள்.
நான்கு வருடம்.

வீட்டுக்கு வந்து அதே சீட்டை எடுத்தேன்.
எல்லாச் செலவும் போக
இந்த வாடகை தாங்கும் தவணை 4680.
அதைத் திருப்பிப் போட்டால் விலை
ஐந்து லட்சத்து எழுபத்து மூவாயிரம்.
அதையே எழுதி அனுப்பினேன். மூட்லி போனில் இருமினார்.

பிறகுதான் பேனா 650இன் மேல் நின்றது.
அவள் போகாவிட்டால் காலி மாதம் இல்லை.
காலி மாதம் இல்லையென்றால்
நான் இன்னும் அறுபத்து மூவாயிரம் கொடுக்கலாம்.
அவள் தங்குவதன் விலை அது.
அவளுக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது,
விற்கிறவருக்குப் போகும்,
அல்லது பேசாமல் இருந்தால் எனக்கு வரும்.

மூட்லி திரும்பக் கூப்பிட்டார்.
"ஆறு லட்சத்துக்கு வாங்க, மேடம்,
இருக்கிற குடித்தனம் தங்கமானது."
தெரியும் என்று சொல்ல வாய் வந்தது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த அறுபத்து மூவாயிரத்தை அவரிடம் சொல்லவில்லை.
நொகுதுலாவிடமும் சொல்லவில்லை.
சீட்டை மடித்து
அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.