வடக்குச் சுவர்

உலான்பாத்தரின் வடமேட்டில்
பேருந்து திரும்பும் கடைசி வளைவில் ஒரு கன்டெய்னர்.
கடலே இல்லாத நாட்டுக்குக் கப்பல் பெட்டி எப்படி வந்ததென்று
நாங்கள் கேட்கவில்லை. வாடகை மலிவு.
கதவு வைத்தோம்.
ஜன்னலுக்குக் காசு போதவில்லை.

தெல்கெர்மாவுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
ஹாஷ்பாதர் பேருந்து ஓட்டுகிறான்.
நான் கம்பளி ஆலையில் கணக்கெழுதுகிறவள்.
மூவருக்கும் வாசிக்கப் பொழுதில்லை,
அதனால்தான் நூலகம் தொடங்கினோம் என்பான் ஹாஷ்பாதர்,
சிரிக்காமல்.

புத்தகம் கேட்டோம். கேட்டவுடன் கொடுத்தார்கள்.
அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.
டிராக்டர் பழுதுபார்க்க ரஷ்ய மொழியில் பதினாறு தொகுதி.
எண்பத்தேழாம் ஆண்டுத் தொலைபேசிக் கையேடு.
மூடிப்போன அலுவலகம் ஒன்று லாரியில் அனுப்பிய
சட்டத் திரட்டுகள், திருத்தங்கள், திருத்தங்களின் திருத்தங்கள்.
கதைப் புத்தகம் என்று பார்த்தால் முப்பத்தொன்று.
அவற்றில் நான்குக்குக் கடைசிப் பக்கம் இல்லை.

நவம்பரில் தண்ணீர்க் குடம் உறைந்து வெடித்தது.
அடுப்பின் முன் உட்கார்ந்தால்
கன்னம் வேகும், முதுகு விறைக்கும்.
பிள்ளைகள் வந்தார்கள், வராமல் இல்லை:
போன் சார்ஜ் போட,
வீட்டில் இரண்டு மணி நேரக் கரியை மிச்சம் பிடிக்க.
பக்கம் திருப்பக் கையுறையைக் கழற்ற வேண்டுமே,
யார் கழற்றுவார்கள்?

ஒரு ஞாயிறு, தூங்காத கண்ணோடு வந்த தெல்கெர்மா
பேசாமல் சட்டத் திரட்டுகளைத் தூக்க ஆரம்பித்தாள்.
செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாற்றி மாற்றி
வடக்குத் தகரத்தோடு கூரை வரை.
வரிச் சட்டம் அடியில், அதுதான் கனம்.
காற்று வந்து முட்டிப் பார்த்தது,
போய்விட்டது.
அன்று தெமூலென் கையுறையைக் கழற்றினான்.

அதன் பிறகுதான் அது நூலகம்.
முடிவில்லாத நான்கு கதைக்கும்
பிள்ளைகளே முடிவெழுதி ஒட்டினார்கள்.
ஒன்றில் எல்லாரும் கொரியாவுக்கு வேலைக்குப் போகிறார்கள்,
வில்லன் உட்பட.

ஜனவரியில் ஒரு செவ்வாய்,
ஏட்டின் மேல் குனிந்திருந்தேன்.
பிடரியில் ஊசி குத்தியது.
திரும்பினால் சுவரில் ஓட்டை.
கீழே இவீல், பதினான்கு வயது,
மடியில் நிலச் சட்டம், இரண்டாம் தொகுதி.

"சுவரை ஏன் பிரிக்கிறாய்?"
"இது சுவரா அக்கா? முதுகில் பெயர் இருக்கிறதே."

அவர்கள் வேலிக்குள் எவரோ கம்பம் நட்டிருக்கிறார்.
"அம்மா போனால் நாளை வா என்கிறார்கள்.
எந்த நாளை என்று இதில் இருக்கும் இல்லையா?"

பழைய பதிப்பு அது, திருத்தம் வந்திருக்கும் என்றேன்,
நிறுத்திவிடுவாள் என்று நினைத்து.
எழுந்தாள்.
சுவரை மேலிருந்து கீழ்வரை விரலால் வாசித்தாள்.
திருத்தத்தையும் உருவினாள்.

இரண்டு ஓட்டை. தெமூலென் கத்தினான்.
யாரோ அடுப்பில் இன்னும் கரி போட்டார்கள்.
நான் ஏட்டைப் புரட்டினேன்:
டிராக்டருக்குக்கூட எண் இருந்தது.
சுவருக்கு நாங்கள் எண் போட்டிருக்கவில்லை.

போகும்போது இவீல் தன் கையுறைகளைக் கழற்றி
ஓட்டைக்கு ஒன்றாகத் திணித்தாள்.
என்னுடையதை நீட்டினேன்.
பெரியது என்றாள், போட்டுக்கொண்டாள்.
இரண்டு தொகுதியும் கோட்டுக்குள் போக,
கர்ப்பிணிபோல் பனிச்சரிவில் இறங்கினாள்.

பெயர் எழுதினேன். புத்தகத்தின் பெயரும்.
திருப்பித் தரும் நாள் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
விட்டுவிட்டேன்.

பூட்டும் முன் பார்த்தேன்,
இடது கையுறையில் கட்டைவிரலோரம் நூல் பிரிந்திருந்தது.
உருவி எடுத்து,
அடுப்பு வெளிச்சத்தில் தைத்து,
மறுபடியும் சுவரில் வைத்தேன்.