விடுபட்ட மதிப்பு: 99

பதினேழாம் கேள்வி:
உங்களை ஒதுக்கியதற்கு முதன்மைக் காரணம் எது?
ஒன்றை மட்டும் தேர்வு செய்யவும்.
இனம். பாலினம். சமயம். உடற்குறை. வயது.
ஐந்து கட்டங்களும் ஒரே அளவு,
மூன்று மில்லிமீட்டர். நான்தான் வரைந்தேன்.

ஜைத்தூன் பேனா மூடியைக் கடித்தபடி
வலது காதை என் பக்கம் திருப்பினாள்.
ஜூரோங் வெஸ்ட் சமூக மன்றம், இரண்டாம் மாடி.
பக்கத்து அறையில் ஸும்பா வகுப்பு,
சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது.

“கிளினிக்ல கவுண்டர் வேலை, தங்கச்சி.
மேசைக்கு அந்தப் பக்கமும் ஒரு பொண்ணுதான்.
சீனம் பேசுவியான்னு கேட்டா.
முக்காட்டைக் கழட்டிட்டு வர முடியுமான்னு கேட்டா.
பிள்ளைக்குக் காய்ச்சல்னா யாரு பாப்பான்னு கேட்டா.
நாலாவதா என்னமோ கேட்டா, எனக்கு விழலை.
அப்புறம் சிரிச்சா.
ஒரே சிரிப்பு.
அதுல எது எவ்வளவுன்னு
படிச்ச பொண்ணு, நீயே பிரிச்சுச் சொல்லு.”

படித்தவள்தான்.
பிரிப்பதற்கான கட்டளை எனக்குத் தெரியும்.
மற்றவை மாறாதிருக்க, இனத்தின் விளைவு இவ்வளவு.
மற்றவை மாறாதிருக்க, பாலினத்தின் விளைவு இவ்வளவு.
மற்றவை மாறாதிருந்த ஒரு நாளாவது
அவளுக்கு வாய்த்ததா என்று
மென்பொருள் கேட்பதில்லை.

அவள் குறியிடவில்லை.
முதல் கட்டத்தில் வைத்த பேனாவை
எடுக்காமலே நாலாம் கட்டம் வரை இழுத்தாள்.
வயதை மட்டும் தொடவில்லை.
“முப்பத்தாறு ஒரு வயசா?”

அடுத்த பக்கத்தில்,
எல்லோரும் ‘இல்லை’ என்று போட்டுவிட்டுத் தாண்டும் கேள்வி:
நீங்கள் எவரையேனும் ஒதுக்கியதுண்டா?

“99-ஆம் பஸ்ல, ராத்திரி.
சிமெண்டுத் தூசியோட ஒரு பங்களாதேஷ் தம்பி
பக்கத்துல உக்காந்தான்.
தொழுவுறவன்தான், நெத்தியில தழும்பு இருந்துச்சு.
நான் எந்திரிச்சுப் போயி நின்னேன்.
காலு வலிக்க வலிக்க நின்னேன்.
இதுக்கு எந்தக் கட்டம்?”

ஸும்பா எப்போதோ முடிந்திருந்தது.

முனைவர் கோ மெய் ஷ்வான் நல்லவர்.
வெள்ளைப் பலகையில் தோபி காட் நிலையத்தை வரைந்து
மூன்று தடங்கள் சேருமிடத்தைச் சிவப்பில் வட்டமிடுவார்.
குறுக்குவெட்டு என்றால் இதுதான்,
இங்கே நிற்பவளை எந்தத் தடத்துக்காரி என்பாய்?
மாணவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள்.
அன்று மாலை அவரே அட்டவணையைப் பார்த்துப்
பெருமூச்சு விட்டார்.
ஒரு கட்டத்துக்கு எண்பது பேராவது வேண்டும்.
இதில் ஒருத்தி.
நீக்கிவிடு, குறைபாடுகள் பகுதியில்
ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

கோடிழுத்த விடையை ஸ்கேனரும் படிக்கவில்லை.
கையால் தட்டினேன்:
99, விடுபட்ட மதிப்பு.

நான் பூன் லேயில் அறை தேடிய மாதம் ஒன்று உண்டு.
மூன்று வீடுகள் தொலைபேசியிலேயே முடிந்தன:
இந்தியரா, சமைப்பீர்களா.
நாலாவது தமிழ் வீடு. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள்.
ஊர் விருத்தாசலம் என்றேன்.
விருத்தாசலத்தில் எந்தத் தெரு
என்று கேட்டார் அந்த அம்மா, மென்மையாக,
பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தியபடி.
சொன்னேன்.
அறையை நேற்றே கொடுத்துவிட்டார்களாம்.

நான் வரைந்த ஐந்து கட்டங்களில்
அந்தத் தெரு இல்லை.
யாரும் தடுக்கவில்லை, நானேதான் வரையவில்லை.

விடைத்தாள்களை ஆறு மாதத்தில் அழித்துவிட வேண்டும்.
நூற்றுப் பதினேழாம் தாள் என் பையில் இருக்கிறது,
விதிக்கு மாறாக, நான்காக மடித்து.
கிளமெண்டியில் 99 ஏறுகிறேன்.
இன்னும் எழுபத்தொன்பது ஜைத்தூன்கள் வேண்டும்.

பின்வரிசையில் ஒருவர் தூங்குகிறார்,
பூட்ஸில் காய்ந்த சேறு.
பக்கத்து இருக்கை காலி.
நின்றுகொண்டு வருகிறவர்களை எண்ணுகிறேன்,
பழக்கதோஷம்.
பதினொன்று.

பன்னிரண்டு.